மலைநெடுவழி ஓட்டமும் செய்மதி அளவையும்

நீளத்தையும் நிறையையும் அறிதற்குரிய கருவியை அளவை என்கிறோம். ஒரு கூற்று மெய்யோ பொய்யோ எனத் துணிதற்குரிய வழியையும் அளவை என்றே வழங்குகிறோம். காட்சி, கருதல், உரை என நம் தருக்க நூலார் மூன்றாக வகுத்தது இவ்விரண்டாவது அளவையையாம். முழக்கோலுக்கும் மெய்ம்மைக்கும் ஒரே சொல் அமைந்திருத்தல் சிந்திக்கத்தக்கது. இவ்விரு பொருளும் ஒருங்கே வேண்டப்படும் ஒரு துறையை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. நெடுந்தொலை மலைவழி ஓட்டத்தில் ஒருவர் நிலைநாட்டியதாகக் கூறும் விரைவுச் சாதனையைச் செய்மதிக் கருவியின் துணைகொண்டு உறுதிப்படுத்தல் எங்ஙனம் என்பதே அது.

கல்லூரி மைதானத்தில் நிகழும் மெய்வல்லுநர் போட்டியில் இவ்வினா எழுவதில்லை. 400 மீற்றர் வட்டம் முன்னரே அளந்து கோடிடப்பட்டுள்ளது. நடுவரும் நேரங்காப்போரும் எல்லைக் கோட்டில் நிற்கின்றனர். ஓட்டத்தைக் காண ஊரே திரண்டிருக்கின்றது. நகர வீதிகளில் நிகழும் மரதன் ஓட்டத்திலும் 42.195 கிலோமீற்றர் வழி, எண்ணி பூட்டிய துவிச்சக்கர வண்டியால் முன்கூட்டியே அளக்கப்படுகின்றது. அளவிலே சிறு வழு நேரினும் வழி குறைந்துவிடலாகாது என்று கருதி, கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் கூட்டி அளத்தலும் அத்துறையார் மேற்கொள்ளும் விதியாகும். ஆயின், மலைமுகடுகளையும் தோட்டங்களையும் காடுகளையும் ஊடறுத்து நாட்கணக்கில் செல்லும் ஓட்டத்துக்குக் கோடுமில்லை, நடுவருமில்லை, பெரும்பகுதியிலே பார்ப்போரும் இல்லை. தனியே ஓடிய ஒருவர், 'இவ்வழியை இத்துணை நேரத்தில் கடந்தேன்' என்று உரைப்பாராயின், அவ்வுரையை ஏற்பது எதனால்?

நம் மலையக வழித்தடம்

இவ்வினா இன்று நமக்கு அயலானதன்று. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ வழித்தடம் 2023ஆம் ஆண்டளவில் முழுமை பெற்றது. 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடைய இத்தடம் 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என மேற்குச் சரிவுகளைத் தழுவிச் சென்று, அப்புத்தளை, எல்ல முதலிய ஊவாப் பக்கத்து ஊர்களைத் தொட்டு, மீண்டும் நுவரெலியா நோக்கித் திரும்புகின்றது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வாணிக முறையிற் பயிரிடத் தொடங்கியது லூல்கந்துரவிலேயே என்பதை வரலாறு கற்கும் மாணவர் அறிவர்.

இத்தடத்திற் பெரும்பகுதி புதிதாக வெட்டப்பட்டதன்று. கொழுந்தையும் தூளையும் தொழிற்சாலைக்கும் புகையிரத நிலையத்துக்கும் கொண்டு செல்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் அமைந்த தோட்டப் பாதைகளே அவை. புகையிரதம் அட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் அடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் தலைச்சுமையாகவும் வண்டியிலும் பொருள் சென்ற வழிகள் இன்று உல்லாசப் பயணிகளின் நடைவழியாயின. நடப்போர் நாளுக்கு ஒரு பகுதியாக மூன்று வாரத்திற் கடக்கும் இத்தகைய வழியைச் சில நாட்களில் ஓடிக் கடக்க எண்ணும் வீரர் உலகெங்கும் உளர். அவர் ஒவ்வொருவரையும் சான்று பற்றிய வினா எதிர்கொள்கின்றது.

'அறியப்பட்ட' என்னும் அடைமொழி

மேனாட்டில் இத்துறையாளர் தம் சாதனைக்கு இட்ட பெயர் கவனிக்கத்தக்கது. 'மிகக் குறைந்த நேரம்' என்று வாளா கூறாது, 'அறியப்பட்ட மிகக் குறைந்த நேரம்' என அவர் கூறுவர். இவரினும் விரைவாக எவரேனும் அவ்வழியே சென்றிருக்கலாம். அது நம் அறிவுக்கு எட்டவில்லை என்னும் அடக்கம் அப்பெயரிலேயே அமைந்துள்ளது. அமெரிக்கரான பஸ் பரல், பீற்றர் பக்வின் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஜோன் மியூர் தடத்தை ஓட முயன்ற காலந்தொட்டு இவ்வழக்கு பரவலாயிற்று. பக்வின் அத்தகைய நேரங்களைத் தொகுத்து வந்தார். 2018இல் அத்தொகுப்பு விரிவான பொதுப் பதிவேடாக வளர்ந்தது.

ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பலாச்சியன் தடம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2015இல் ஸ்கொற் ஜூரெக் அதனை 46 நாள் 8 மணித்தியாலம் 7 நிமிடத்தில் கடந்தார். 2018இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த காரெல் சாபே 41 நாள் 7 மணித்தியாலம் 39 நிமிடம் எனக் குறைத்தார். 2024இல் தாரா டவர் என்னும் பெண்மணி 40 நாள் 18 மணித்தியாலம் 5 நிமிடத்தில் முடித்து, ஆடவர் பெண்டிர் அனைவரது நேரத்தையும் விஞ்சினார். நாற்பது நாள் ஓட்டத்தில் முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஒரு நாளினும் குறைவாதலை நோக்குக. வழியிலே ஓரிடத்தில் வளைவைத் தவிர்த்தாலும், சிறிது தூரம் ஊர்தியில் ஏறினாலும், முடிவு பிழைபடும். ஆகவே சான்று கடுமையாக வேண்டப்படுகின்றது.

அவ்வோட்டக்காரர் தமக்குள் சில ஒழுங்குகளையும் வகுத்துள்ளனர். எண்ணத்தை முன்கூட்டியே பலரறிய வெளியிடுதல் வேண்டும். ஓட்டத்தின் தடத்தைக் கருவியிற் பதிந்து, முடிந்தபின் எவரும் ஆராயக்கூடியவாறு வழங்குதல் வேண்டும். துணைபெற்ற முறையையும் ஒளிக்காது கூறல் வேண்டும். உணவும் உதவியும் அளிக்கும் குழுவோடு ஓடுதல் ஒரு வகை. வழியிலுள்ள கடைகளில் எவரும் பெறக்கூடியதை மட்டும் பெற்று ஓடுதல் மற்றொரு வகை. ஊற்றுநீர் தவிர யாவற்றையும் தாமே சுமந்து ஓடுதல் மூன்றாவது வகை. வகை வேறாயின் ஒப்பீடும் வேறாகும்.

கருவி இடத்தை அறியுமாறு

பூகோள இடங்காண் முறைமை, அஃதாவது சுருக்கமாக ஜி.பி.எஸ். எனப்படுவது, ஐக்கிய அமெரிக்காவின் படைத்துறைத் தேவைக்காகத் தோன்றியது. அதன் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது; முறைமை முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995இல். புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் குறைந்தது 24 செய்மதிகள் சுற்றிவர வேண்டுமென்பது அதன் அமைப்பு. இரசியா, ஐரோப்பா, சீனா என்பவற்றின் செய்மதி முறைமைகளும் இன்று உள்ளன. இக்காலக் கைக்கடிகாரங்கள் பல, இவை யாவற்றின் சைகையையும் ஒருங்கே பெறவல்லன.

செய்மதி நமது இடத்தைக் கண்டு கூறுகின்றது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. செய்மதி செய்வதெல்லாம், 'இந்நேரத்தில் இவ்விடத்தில் இருக்கின்றேன்' என்று இடையறாது அறிவித்தலே. அச்சைகை ஒளியின் வேகத்தில் வந்து ஒரு செக்கனின் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் நம் கையிலுள்ள கருவியை அடைகின்றது. புறப்பட்ட நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் செய்மதி எத்துணைத் தொலைவிலுள்ளது என்பது கணிக்கப்படும். மூன்று செய்மதிகளின் தொலைவு தெரிந்தால் இடம் துணியப்படும். ஆயின் கையிலுள்ள மலிவான கடிகாரத்தின் நேரத்திலும் வழு உண்டாதலின், அவ்வழுவை அறியும்பொருட்டு நான்காவது செய்மதியும் வேண்டப்படுகின்றது. நேரத்தில் ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீற்றர் பிழைக்கும். வேகமும் ஈர்ப்பும் காலத்தின் ஓட்டத்தை மாற்றும் என்று ஐன்ஸ்ரைன் கண்ட கொள்கையின்படி, செய்மதியிலுள்ள மணிக்கூடு புவியிலுள்ளதைவிட நாளொன்றுக்கு அத்தகைய நுண்பங்கு 38 அளவு முந்துகின்றது. இது திருத்தப்படாவிடின் ஒரே நாளில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் அளவு வழு சேர்ந்துவிடும்.

இதனால் நாம் அறிய வேண்டுவது யாதெனின், ஜி.பி.எஸ். தருவது காட்சியன்று, கருதலே என்பதாம். கருவி அளப்பது காலத்தை. இடம் அதிலிருந்து அனுமானிக்கப்படுவது. கருதலளவைக்குரிய ஏதுவிற் குற்றமிருப்பின் முடிவிலும் குற்றம் புகும் என்பது தருக்க நூல் பயின்றோர் அறிந்ததே.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சைகையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழைபடுத்தி வந்தது. அதனால் இடம் 100 மீற்றர்வரை தவறக்கூடியதாயிருந்தது. அத்தடை நீக்கப்பட்ட பின்னரே ஒருவர் ஓடியது எந்தப் பாதையில் என்று ஓரளவு துணிந்து கூறல் இயல்வதாயிற்று. இன்று திறந்த வானின்கீழ்ச் சாதாரண கைத்தொலைபேசியும் ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடங்காட்டும்.

மலையகத்தில் நேரும் வழு

திறந்த வான் நுவரெலியா மாவட்டத்தில் எங்கும் கிடைப்பதன்று. ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் மலைச்சுவர்கள் வானின் பெரும்பகுதியை மறைக்கின்றன. எஞ்சிய வானில் தெரியும் செய்மதிகள் சிலவே. அவையும் ஒரே பக்கத்திற் குவிந்திருக்குமாயின் கணிப்பு நலிவுறும். பாறையிற் பட்டுத் தெறித்து வரும் சைகை நேராக வந்ததைவிடப் பிந்தி வருதலால் இடம் தவறும். நனைந்த அடர்காட்டின் இலைக்கூட்டமும் சைகையை மெலியச் செய்யும். ஆயின் நம்மவர் பலர் ஐயுறும் மூடுபனி இதற்குத் தடையன்று. கண்ணொளியை மறைக்கும் பனிப்படலத்தை ஜி.பி.எஸ். வானலை பெரிதும் மெலியாது ஊடுருவும். பனியால் வழி தவறுவோன் ஓட்டக்காரனேயன்றிக் கருவியன்று.

இடத்தில் நேரும் சிறு வழுவினும் நீளத்தில் நேரும் வழுவே பலரை மயக்குவது. கடலோரத்தையோ நாட்டெல்லையையோ எவ்வளவு சிறிய கோலால் அளக்கிறோமோ அவ்வளவு நீளம் கூடும் என்பதை ஆங்கில அறிஞர் லூயிஸ் பிரை ரிச்சாட்சன் ஆராய்ந்தார். அவர் மறைந்தபின் 1961இல் அவ்வாய்வு வெளியாயிற்று. மலைத்தடத்துக்கும் இஃது ஒக்கும். தேயிலைச் சரிவிலே பன்னிரண்டு கொண்டை வளைவுகளோடு ஏறும் பாதையொன்றைக் கொள்வோம். வளைவுக்கு வளைவு 60 மீற்றராயின் மொத்தம் 720 மீற்றர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இடம் பதியும் கருவி, அடிவாரத்தையும் உச்சியையும் நேர்கோட்டால் இணைத்து 250 மீற்றர் என்றே காட்டக்கூடும். செக்கனுக்கு ஒருமுறை பதியும் கருவியோ எதிர்மாறாக மிகைப்படுத்தும். கொட்டகலைக் கடையொன்றில் ஒரு மணித்தியாலம் அமர்ந்திருப்பவரின் இடம் செக்கனுக்கு அரை மீற்றர் அலைவதாகக் கொண்டால், அவர் அசையாமலே 1,800 மீற்றர் நடந்தவராவார். இவ்வலைவைக் கழித்துக் கணிக்கும் முறைகள் கருவிகளில் உண்டெனினும், கழிக்கும் முறை கருவிக்குக் கருவி வேறுபடும். ஆதலின், ஒருவர் கடிகாரம் 305 என்றும் மற்றவர் கடிகாரம் 318 என்றும் காட்டினால், முன்னவர் வழியைக் குறைத்தார் என்று முடிவு கட்டுதல் தவறு. நீள எண்ணை ஒப்பிடாது, பதிந்த தடம் ஏற்கப்பட்ட வழியோடு தொடக்கம் முதல் ஈறுவரை ஒன்றிச் செல்கின்றதா என்று நோக்குதலே முறை.

உயரக் கணக்கில் வழு இன்னும் மிகுதி. செய்மதிகள் யாவும் நமக்கு மேலேயே உள்ளமையால் குத்துயரம் கிடைநிலையினும் குறைந்த நுட்பத்துடனேயே கிடைக்கும். காற்றழுத்தத்தால் உயரம் காணும் கடிகாரங்கள் இதனிற் சிறந்தன. எனினும் மழை மேகம் திரளும்போது அழுத்தம் மாறுதலின் அவையும் பிறழும்.

வேறொரு வழு நிலப்படத்தைச் சார்ந்தது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நாட்டின் நிலப்படக் கட்டங்கள் அனைத்துக்கும் அடிப்புள்ளியாக அமைந்தது நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகால மலையாகும். பழைய முறையில் அம்மலைக்குக் கிழக்கும் வடக்குமாக 200,000 மீற்றர் என்னும் எண்களும், ஜி.பி.எஸ். அளவையைக் கொண்டு 1999இல் வகுத்த புதிய முறையில் 500,000 என்னும் எண்களும் இடப்பட்டன. பழைய முறையின் அகலாங்கு நெட்டாங்குகளை மாற்றாது இன்றைய செய்மதித் தடத்தோடு பொருத்தினால் ஏறத்தாழ 200 மீற்றர் விலகல் நேரும். நேர்மையாக ஓடிய ஒருவர், ஆராய்பவரின் கவனக்குறைவால், பக்கத்துத் தோட்டத்தின் வழியே ஓடியவராகத் தோன்றக்கூடும்.

சான்றைச் சோதிக்குமாறு

இனி, கிடைத்த தடத்தை ஆராய்வோர் நோக்குவன யாவை எனக் காண்போம். முதலாவது, தொடர்ச்சி. தடம் ஓரிடத்தில் அறுந்து மற்றோரிடத்தில் தொடங்குமாயின் இடைப்பட்ட நேரத்தில் நிகழ்ந்தது யாது என்று கேட்கப்படும். மின்கலம் தீர்தல் பெரும்பாலும் உண்மைக் காரணமேயாயினும், அதற்காகவே இரு கருவிகள் கொண்டு செல்லுமாறு அறிவுறுத்துவர். ஒன்று, நுணுக்கமாகப் பதியும் கைக்கடிகாரம்; மற்றொன்று, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் செய்மதி வழியாகவே அனுப்பும் சிறு கருவி. முன்னது விவரம் மிக்கது. ஆயின் ஓடியவர் கையிலேயே இருப்பது. பின்னது விவரம் குறைந்தது. ஆயின் அவ்வப்போதே பலர் பார்வைக்குச் சென்றுவிடுவதால் பின்னர் மாற்றமுடியாதது. கடிகாரத் தடத்தைப் பொய்யாகவும் கணினியில் எழுதிவிடலாம் என்பதை மறத்தலாகாது. இரண்டும் ஒத்துவரின் நம்பிக்கை வலுப்பெறும்.

இரண்டாவது, வேகமும் சாய்வும். மனிதர் ஏற்றத்தில் தளர்வர், இறக்கத்தில் விரைவர், படிகளிலும் சேற்றிலும் தடுமாறுவர், இரவில் மெதுவாவர். தடத்தில் இவ்வியல்பு தெரிதல் வேண்டும். ஏற்ற இறக்கம் கருதாது ஒரே சீராகச் செல்லும் பகுதி ஐயத்துக்குரியது. ஆயினும் நம் மலைநாட்டில் வேகம் ஒன்றே போதிய ஏதுவாகாது. சிதைந்த தோட்டப் பாதையில் ஏறும் முச்சக்கரவண்டி, நல்ல ஓட்டக்காரர் இறக்கத்தில் ஓடுவதினும் பெரிதும் விரைவதில்லை. வட்டகொடைக்கும் கொட்டகலைக்கும் இடையே தடம் புகையிரதப் பாதைக்கு அண்மையிற் செல்கின்றது. மேடேறும் புகையிரதமோ சமவெளிப் புகையிரதம் போல விரைவதன்று.

ஆகவே மூன்றாவதாக, உடலின் சான்று நோக்கப்படும். இக்காலக் கடிகாரங்கள் காலடியின் எண்ணிக்கையையும் நாடித்துடிப்பையும் பதிகின்றன. ஊர்தியில் அமர்ந்தவரின் இடம் நகரும், கால் நகராது. 2016ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைக் குறுக்காக ஓடிக் கடக்க முயன்ற ஒருவர்மீது ஐயம் எழுந்தது. அவருக்கு ஆதரவளித்த நிறுவனமே இரு ஆய்வறிஞரைக் கொண்டு விசாரணை செய்வித்தது. இடமாற்றத்தைக் காலடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது, சில பகுதிகளில் ஓரடியின் நீளம் ஓடும் மனிதர் எவர்க்கும் பொருந்தாததாயிருந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தாராயினும், அவர் தகாத உதவி பெற்றார் என்றே அறிக்கை முடிவு செய்தது. இத்தகைய ஐயம் புதியதுமன்று. 1904ஆம் ஆண்டு செயின்ற் லூயிஸ் ஒலிம்பிக் மரதனில் பிரெட் லோர்ஸ் என்பவர் நடுவே மோட்டார் வண்டியில் ஏறிச் சென்று முதல்வராக மைதானம் புகுந்தார். அவரைக் காட்டிக்கொடுத்தது கருவியன்று, கண்டோர் வாக்கே.

நான்காவதாக, அவ்வாக்கும் வேண்டும். பாலத்தருகே எடுத்த நேரம் பொறித்த நிழற்படம், தேநீர்க் கடைக்காரர் கண்டது, தோட்டக் காவலாளி கூறுவது ஆகியன சிறியனவாயினும் தடத்தோடு பொருந்தும்போது பெருவலிமை பெறுவன. இவற்றில் ஒருவர் நேரிற் கண்டது காட்சி. தடத்தையும் துடிப்பையும் கொண்டு துணிவது கருதல். ஓடியவர் தம் வாயால் கூறுவது உரை. மூன்றும் ஒருமுகப்பட்ட இடத்திலே சாதனை நிலைபெறும். ஒன்றை மட்டும் பற்றி நிற்பது, ஒற்றைக் காலில் மலையேறுவதை ஒக்கும்.

கருவி கூறாதவை

எத்துணை நுட்பமாயினும் கருவி சிலவற்றைக் கூறமாட்டாது. கடிகாரம் யார் கையில் இருந்தது என்பதை அது அறியாது. துணையின்றி ஓடுவதாகச் சொன்னவர் நண்பர் கையால் ஒரு கோப்பை தேநீர் பெற்றாரா என்பதையும் அறியாது. இங்கே உரையளவையே புகலிடம். உரைப்போன் நம்பத்தக்கவனாயிருந்தாலன்றி உரை அளவையாகாது என்று நம் நூலார் விதித்தமை இதனாற் பொருத்தமாகின்றது.

வழியும் காலமும் மாறுவதையும் கருவி தானே கூறாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையால் மலையகத்திற் பல இடங்களில் மண் சரிந்து உயிரும் உடைமையும் அழிந்தன. பாதைகள் பலவும் சிதைந்தன. சரிவைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழியில் ஓடியவரின் நேரத்தை முன்னைய வழியில் ஓடியவரின் நேரத்தோடு ஒரே நிரலில் எழுதுதல் முறையாகாது. 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறும் படிவழியும் அவ்வாறே. டிசம்பர்ப் பூரணை முதல் வெசாக்வரை நிகழும் யாத்திரைக் காலத்து இரவிலே அடியார் நெருங்கிய படிகளில் ஏறிய நேரமும், ஆளற்ற பருவத்தில் ஏறிய நேரமும் ஒப்பன அல்ல. முதியோரும் குழந்தைகளும் ஏறும் படியில் விரைவுக்காக முட்டிமோதி ஓடுதல் எவ்வளவையாலும் நியாயப்படுத்தத்தக்கதன்று.

ஈண்டு நமது நாட்டு வரலாற்றையும் நினைதல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் கால்நடையாகச் சென்றனர். வழியிலே பசியாலும் நோயாலும் மடிந்தோர் பலர். அவர் சென்ற தடத்தை எவரும் பதியவில்லை. வீழ்ந்த இடத்தை எவரும் குறிக்கவில்லை. மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோர் அவ்வழியை ஏறத்தாழவே பின்பற்ற இயன்றது. அந்நடையில் விரைவு நோக்கமன்று, நினைவே நோக்கம். எனினும், தடம் பதிவுறாதது எத்துணை இழப்பு என்பதை அது உணர்த்திற்று.

அளக்கப்படுதல் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்படும். மாலையிற் கொழுந்து நிறுக்கப்படும். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும். கழிவு எத்துணை என்பதில் நிறுப்பவருக்கும் கொய்தவருக்கும் பிணக்கு எழுவது பழைய செய்தி. அப்பிணக்கின் வேர் தராசிலன்று. தராசின் முள்ளை ஒருவர் மட்டுமே பார்ப்பதிலுள்ளது. ஓட்டச் சாதனையின் பதிவேட்டார் கண்ட நன்முறை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அளவுக் கருவி ஓடியவர் கையிலும் இருக்கின்றது, பதிந்தது யாவர்க்கும் திறந்திருக்கின்றது, ஐயுறுவோர் வினவலாம், ஓடியவர் விடையிறுக்கலாம். தீர்ப்பும் 'அறியப்பட்ட' என்னும் எல்லைக்குள்ளேயே நிற்கின்றது. அளக்கும் நீதி எங்கும் இவ்வாறே அமைதல் வேண்டும்.

நம் மலைகளைப் பிறந்தநாள் முதல் ஏறியிறங்கிப் பழகிய இளைஞர் அட்டனிலும் கொட்டகலையிலும் நுவரெலியாவிலும் பலர் உளர். பள்ளிக்கு மேடேறி நடந்த கால்களுக்கு இத்தடங்கள் அயலன்று. அவருள் எவரேனும் இத்துறையில் இறங்குவாராயின், தோட்ட நிருவாகத்தின் இசைவும் காட்டுப் பகுதிக்குரிய அனுமதியும் பெறுக. மழைக்காலத்துச் சரிவையும் இரவில் உலவும் சிறுத்தையையும் எண்ணித் தனிமை தவிர்க்க. புறப்படுமுன் நோக்கத்தை ஊரறியச் சொல்லுக. இரு கருவிகளில் தடம் பதிக. திருத்தாத பதிவை அவ்வாறே பேணுக. பெற்ற உதவி ஒவ்வொன்றையும் குறித்து வைக்க. ஆராயும் ஆசிரியரும் மாணவரும் எண்ணைக் கண்டு மயங்காது, அவ்வெண் பிறந்த வழியைக் கேட்டறிக. விரைவிற் குறைந்த ஓட்டமாயினும் சான்று நிறைந்ததாயின் பின்வருவோர்க்கு அது படிக்கல்லாகும். சான்றற்ற ஓட்டம் எத்துணை விரைந்ததாயினும் ஓடியவரோடு மறையும்.